சுகோத்தாய்க்கு அரை நாள் போதுமா?

கேள்வி, 4 ஜனவரி 2025

பிப்ரவரியில் ஏழு நாள் வடக்குத் தாய்லாந்து. சியாங் மாய், சியாங் ராய் உறுதி. பாங்காக் திரும்பும் வழியில் சுகோத்தாயில் அரை நாள் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறேன். அயூத்தயா ஏற்கெனவே பார்த்தாயிற்று. இரண்டுமே செங்கல் இடிபாடுகள்தானே, பெரிய வித்தியாசம் இருக்காது என்பது என் எண்ணம். அம்மாவும் வருகிறார், 68 வயது, சுத்த சைவம். அரை நாள் போதும்தானே?

5 ஜனவரி, காலை 6.40

போதாது.

2016 ஏப்ரலில் நானும் இதையேதான் செய்தேன். சியாங் மாயிலிருந்து பாங்காக் போகும் ஒரு சுற்றுலா வேன், மதியம் பன்னிரண்டு மணிக்கு இறக்கிவிட்டு இரண்டரைக்குள் வந்துவிடுங்கள் என்றார்கள். தலைக்கு மேல் நாற்பது டிகிரி வெயில், மரமே இல்லாத மாதிரி தோன்றிய ஒரு திடல், வாட் மகாதாட் கோயிலின் தூண்கள், ஒரு பெரிய புத்தர், நாலு படம், ஓர் இளநீர், அவ்வளவுதான். ஊருக்கு வந்து கேட்டவர்களிடமெல்லாம் "சுகோத்தாய் வேண்டாம், அயூத்தயா போதும்" என்று ஏழு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பேச்சைக் கேட்டு இரண்டு குடும்பங்கள் அந்தப் பக்கமே போகாமல் திரும்பின. அது இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன்.

2023 நவம்பரில் அக்காவோடு மறுபடியும் போனேன். நான்கு இரவு தங்கினோம். அதே இடம், முற்றிலும் வேறு ஊர்.

குறைந்தது இரண்டு இரவு. சியாங் ராயைக் கைவிட வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

5 ஜனவரி, இரவு

காலையில் அவசரத்தில் எழுதியது. "இரண்டும் செங்கல் இடிபாடு" என்பதற்குப் பதில் சொல்லவில்லை.

அயூத்தயா ஆறுகள் சூழ்ந்த தீவு. 1767இல் பர்மியப் படை எரித்த நகரம், அந்தத் தீயின் தழும்பை இன்றும் தலையில்லாத சிலைகளில் பார்க்கிறோம். சுகோத்தாய் எரிந்து அழிந்த நகரம் அல்ல. 1238 வாக்கில் கம்போடியாவின் கெமர் பேரரசு ஆதிக்கத்திலிருந்து பிரிந்து எழுந்தது, இருநூறு வருஷம் இருந்தது, 1438இல் அயூத்தயாவோடு சேர்ந்து மெல்ல மெல்ல அடங்கிப்போனது. அங்கே நடக்கும்போது அழிவு மனதில் நிற்பதில்லை. எல்லோரும் வேறு ஊருக்குக் குடிபோய்விட்ட பெரிய வீட்டில் நடப்பது போல இருக்கிறது. வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. ஒரே இடம் என்று நினைத்துப் போகாதீர்கள். மதிலுக்குள் இருப்பது ஒரு பகுதிதான். மதிலே கிழக்கு மேற்காக ஏறக்குறைய 2 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 1.6 கிலோமீட்டர். அதற்கு வெளியே வடக்கே வாட் சி சும், வாட் ஃப்ரா பாய் லுவாங். மேற்கே குன்றுகளின் மேல் காட்டு மடங்கள். வேன்காரர்கள் காட்டுவது மதிலுக்குள் ஒரு மூலையை மட்டும்.

6 ஜனவரி

தனிச்செய்தியில் ஒருவர், சுகோத்தாய் வடக்குத் தாய்லாந்தே இல்லை, நடுப்பகுதி என்கிறார். இரண்டும் சரிதான். நிர்வாகக் கணக்கில் நாட்டை நான்காகப் பிரிக்கும்போது அது வடக்கில் வருகிறது, கீழ் வடக்கு. புவியியல்காரர்கள் ஆறாகப் பிரிக்கும்போது மத்திய சமவெளியில் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் பண்பாடு என்று பார்த்தால் சியாங் மாயை ஆண்ட பழைய லன்னா அரசு வேறு, இது வேறு. சியாங் மாயில் பழைய ஊருக்கு நடுவே மூன்று அரசர்கள் சேர்ந்து நிற்கும் சிலை இருக்கிறது, பார்ப்பீர்கள். நடுவில் சியாங் மாயை 1296இல் நிறுவிய மங்ராய், மற்ற இருவரில் ஒருவர் பயாவின் ஙாம் முவாங், இன்னொருவர் சுகோத்தாயின் ராம்காம்ஹேங். மூவரும் 1287இல் நட்பு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அந்தச் சிலையைப் பார்த்துவிட்டுத் தெற்கே வாருங்கள், பயணம் கோவையாக இருக்கும்.

6 ஜனவரி, மாலை. தண்ணீரைப் பற்றி

நான் உண்மையில் சொல்ல நினைத்தது இதுதான். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2016இல் எனக்கு ஏன் ஒன்றும் பிடிபடவில்லை என்றால், நான் கோயில்களை மட்டும் பார்த்தேன். 2023இல் முதல் நாள் மாலை சைக்கிளில் சும்மா சுற்றியபோது அக்கா கேட்டாள், "இந்த ஊருக்கு ஆறு எங்கடா?" நியாயமான கேள்வி. யோம் ஆறு இன்றைய சுகோத்தாய் நகரத்தில் ஓடுகிறது. அது பழைய ஊரிலிருந்து கிழக்கே 12 கிலோமீட்டர். அவ்வளவு பெரிய தலைநகரை ஆற்றை விட்டு இவ்வளவு தள்ளி ஏன் கட்டினார்கள்?

பதில் மேற்கே இருக்கிறது. ஊரின் முதுகுப்புறம் குன்றுத் தொடர். மழைக்காலத்தில் அங்கிருந்து ஓடி வரும் தண்ணீரை இரண்டு குன்றுகளுக்கு இடையில் மண்கரை போட்டு நிறுத்தினார்கள். சரித்போங் என்கிறார்கள் அந்த அணையை, ஃப்ரா ருவாங் அணை என்றும் பெயர். அங்கிருந்து சாவ் ஹோ என்ற கால்வாய் வழியாக ஊரின் தென்மேற்கு மூலை அகழிக்குத் தண்ணீர் வந்து சேரும். மதில் ஒன்று அல்ல, மண்கரைகளும் அகழிகளுமாக மூன்று வரிசை. உள்ளே குளங்கள். குளத்துக்கு அங்கே "ட்ராபாங்" என்று சொல்கிறார்கள். மகாதாட்டுக்கு மேற்கே ட்ராபாங் ஙொன், அதாவது வெள்ளிக் குளம். கிழக்கே ட்ராபாங் தோங், பொன் குளம். வடக்கே ட்ராபாங் ட்ராகுவன். அந்தக் குளத்துத் தீவில்தான் வாட் சா சி இருக்கிறது. சுட்ட மண்ணால் செய்த தண்ணீர்க் குழாய்கள்கூடக் கிடைத்திருக்கின்றன, அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தக் குழாய்களுக்கு முன்னால் நான் நின்ற அளவுக்கு எந்தப் புத்தர் சிலைக்கு முன்னாலும் நிற்கவில்லை.

ராம்காம்ஹேங் அரசர் பெயரில் இருக்கும் பழைய கல்வெட்டில் இதைப் பற்றியே ஒரு வரி வருகிறது: ஊரின் நடுவில் இருக்கும் குளத்துத் தண்ணீர் தெளிவாக, கோடையில் மேகோங் ஆற்றுத் தண்ணீரைப் போலக் குடிக்க இனிதாக இருக்கும் என்று. நான் கண்மாய்க்கரையில் வளர்ந்தவன். குடிநீரை இப்படிப் பெருமையாகக் கல்லில் வெட்டி வைத்த ஓர் ஊரை எனக்குப் பிடிக்காமல் இருக்குமா?

அதனால் என் யோசனை, வழிகாட்டிகள் சொல்லும் வரிசையில் போகாதீர்கள். முதலில் மேற்கே போய் அணையைப் பாருங்கள். பெரிய காட்சி ஒன்றும் இல்லை, புல் மூடிய ஒரு கரை, ஒரு நீர்ப்பரப்பு, பின்னால் குன்று. பத்து நிமிஷம் போதும். அதன் பிறகு உள்ளே வந்து ஒவ்வொரு கோயிலையும் அதன் அகழியோடு சேர்த்துப் பாருங்கள். மகாதாட், வாட் சி சவாய், வாட் ஃப்ரா பாய் லுவாங் எல்லாவற்றையும் சுற்றித் தண்ணீர் இருக்கிறது. அப்போதுதான் ஊர் புரிகிறது.

7 ஜனவரி

முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு "அப்படியானால் இன்று அந்த மாகாணத்துக்கு வெள்ளப் பிரச்சினையே இருக்காதே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது, வருஷா வருஷம். சாவ் ஃப்ராயா ஆற்றில் சேரும் பிங், வாங், யோம், நான் என்ற நான்கு ஆறுகளில் பெரிய அணை இல்லாதது யோம் ஒன்றுதான். கேங் சுவா தென் என்ற இடத்தில் கட்டலாம் என்று பல பத்து வருஷமாகப் பேச்சு, தேக்குக் காடு மூழ்கும் என்று மேற்பகுதி மக்கள் எதிர்ப்பு. இங்கே கீழே இருப்பவர்களுக்கு மழையில் வெள்ளம், கோடையில் வறட்சி. 2024 ஆகஸ்ட் இறுதியிலும் கரை உடைந்து வெள்ளம் வந்தது. நாங்கள் தங்கிய வீட்டுச் சுவரில் பழைய வெள்ளக் கோடுகளைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்கள், குழந்தைகளின் உயரத்தைக் குறிப்பது போல. செப்டம்பர், அக்டோபரில் போக நினைப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம்.

9 ஜனவரி. எழுத்தைப் பற்றி

அக்கா ஓய்வு பெற்ற தமிழாசிரியை. அருங்காட்சியகத்தில் ராம்காம்ஹேங் கல்வெட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றாள். எனக்குக் கால் வலித்தது. திடீரென்று கையைப் பிடித்து இழுத்து, "இங்க பாருடா, கொம்பு முன்னாடி போட்டிருக்கான்" என்றாள்.

விஷயம் இதுதான். நாம் "கே" எழுத ககரத்துக்கு முன்னால் கொம்பு போடுகிறோம். வாயில் பின்னால் வரும் ஒலி, கையில் முன்னால் வருகிறது. தாய் எழுத்திலும் அதே ஏற்பாடு, ஏகாரக் குறி எழுத்துக்கு முன்னால்தான். ஐகாரமும் அப்படியே. இது தற்செயல் இல்லை. தென்னிந்தியாவின் பல்லவ எழுத்து கடல் கடந்து போய்க் கெமர் எழுத்தாக, மோன் எழுத்தாக வளர்ந்தது. கெமர் எழுத்தின் வழியாகச் சுகோத்தாய் எழுத்து வந்தது. ஒரே வீட்டில் பிறந்து வெவ்வேறு ஊர்களில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் மாதிரி, ஜாடை போகவில்லை.

அந்தக் கல்வெட்டில் இன்னும் வேடிக்கையான ஒன்று உண்டு. இகர, உகரக் குறிகளைக்கூட மேலேயும் கீழேயும் போடாமல், வரியிலேயே எழுத்துக்கு முன்னால் போட்டிருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் அவற்றைப் பழையபடி மேலும் கீழும் கொண்டுபோய்விட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே வரிக்குள் கொண்டுவரலாம் என்று எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் நினைத்திருக்கிறார், பாருங்கள்.

9 ஜனவரி, சற்று நேரம் கழித்து. திருத்தம்

மேலே எழுதியதைப் படித்தால் மூலக் கல் சுகோத்தாய் அருங்காட்சியகத்தில் இருப்பதாகத் தோன்றும். தவறு. அங்கே இருப்பது நகல். மூலம் பாங்காக் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னாளில் நான்காம் ராமாவாக முடிசூடிய மோங்குட், துறவியாக இருந்த காலத்தில் 1833இல் சுகோத்தாய் வந்தபோது கண்டெடுத்துப் பாங்காக்குக்குக் கொண்டுபோனார். 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது. பாங்காக்கில் ஒரு நாள் இருந்தால் போய்ப் பாருங்கள்.

10 ஜனவரி

"அந்தக் கல்வெட்டே போலி, மோங்குட் செய்தது" என்று ஒருவர் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இப்படி ஒரு வாதம் உண்டு, மறுக்கவில்லை. 1980களின் பிற்பகுதியில் மைக்கேல் விக்கரி, பிரியா க்ரைரிக்ஷ் போன்ற அறிஞர்கள் மொழியையும் எழுத்தமைப்பையும் வைத்துச் சந்தேகம் எழுப்பினார்கள். எதிர்த்தரப்பும் வலுவாகப் பதில் சொன்னது. கல்லின் தேய்மானத்தை ஆராய்ந்து, அந்தக் காலத்து மற்றக் கல்வெட்டுகளோடு ஒத்துப்போகிறது என்றார்கள். இன்று பெரும்பாலோர் 1292 என்ற ஆண்டை ஒட்டியே பேசுகிறார்கள். நான் அறிஞன் இல்லை, ஆனால் ஒரு வாசகனாக எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அது மெய்க்கீர்த்தி போலத் தொடங்கவில்லை. "என் அப்பா பெயர்" என்று தொடங்குகிறது. "நாங்கள் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஐந்து பேர், ஆண் மூன்று, பெண் இரண்டு" என்று போகிறது. அப்புறம் பத்தொன்பது வயதில் யானை மேலேறி எதிரியோடு மோதிய கதை. தண்ணீரில் மீன் இருக்கிறது, வயலில் நெல் இருக்கிறது, வணிகம் செய்யப் போகிறவரிடம் வழியில் அரசன் வரி வாங்குவதில்லை, குறை உள்ளவர் வாசலில் தொங்கும் மணியை அடித்தால் அரசனே வந்து கேட்பான். மணி என்றதும் நமக்கு மனுநீதிச் சோழன் ஞாபகம் வருகிறது, ஆனால் இங்கே அது அரசனின் கல்வெட்டிலேயே இருக்கிறது.

10 ஜனவரி, இரவு. பெயர்கள்

இதைத் தனியாக எழுத வேண்டும். அக்காவும் நானும் பேருந்து முழுக்க இதைத்தான் செய்துகொண்டு வந்தோம். பலகைகளில் இருக்கும் ஊர்ப்பெயர்களை வாயால் படிக்காமல் எழுத்துப்படி படியுங்கள்.

சுகோத்தாய் என்பது சுகோதயம், சுகத்தின் உதயம். சவான்கலோக் என்று ஓர் ஊர், எழுத்தில் சுவர்க்கலோகம். பிட்சனுலோக், எழுத்தில் விஷ்ணுலோகம், வகரம் அவர்கள் வாயில் பகரமாகிவிட்டது. சி சட்சனாலய், ஸ்ரீ சஜ்ஜனாலயம், நல்லோர் வாழும் இடம். முதல் அரசன் சி இந்த்ராதிட், ஸ்ரீ இந்திராதித்யன். மதில்களைக் கல்வெட்டு "த்ரிபூன்" என்கிறது, எழுத்தில் திரிபுரம்தான். வாட் சபான் ஹின்னில் நிற்கும் புத்தருக்குப் பெயர் "அட்டாரோட்", பதினெட்டு முழம் உயரமானவர் என்று பொருள், அஷ்டாதசத்தின் திரிபு. அக்கா பேருந்தில் இருந்த பள்ளிச் சிறுமி ஒருத்தியிடம் பெயர் கேட்டு, அதையும் பிரித்துப் பொருள் சொல்லி, அவளும் சிரித்து, இறங்கும்போது கைகூப்பிவிட்டுப் போனாள்.

11 ஜனவரி

திருவெம்பாவை சுகோத்தாயில் பாடப்படுகிறதாமே என்று கேட்டவருக்கு: குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பாங்காக்கில், தேவஸ்தான் கோயில் பிராமணர்களின் சடங்கில். சடங்கின் பெயரே த்ரியம்பாவாய். நம் கல்வெட்டு வேண்டுமானால் தெற்கே போக வேண்டும், தக்குவா பா பக்கம் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தைப் பற்றியும் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவைப் பற்றியும் சொல்கிறது. சுகோத்தாயோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை.

சுகோத்தாயில் சைவ வைணவத் தடயங்கள் கெமர் வழியாக வந்தவை. வாட் சி சவாயின் மூன்று கோபுரங்கள் முதலில் இந்துக் கோயிலாகத் தொடங்கி, பிறகு முன்னால் மண்டபம் சேர்த்துப் பௌத்த விகாரை ஆனவை. சான் தா பா தேங் என்ற சின்னச் சந்நிதி அதைவிடப் பழையது, செம்புறைக்கல். அதற்காக, பௌத்தம் வந்ததும் பழைய தெய்வங்களை விரட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பின்னாளில் சுகோத்தாயை ஆண்ட லிதாய் அரசர் ஆழ்ந்த பௌத்தர், இலங்கையில் பயின்று வந்த துறவிகளைப் போற்றியவர், அவரே 1349இல் ஊருக்கு மேற்கே மாந்தோப்பில் மகேசுவரனுக்கும் விஷ்ணுவுக்கும் சிலை நிறுவினார் என்று கல்வெட்டு சொல்கிறது. அந்தக் காலத்து வெண்கலச் சிவனும் திருமாலும் பாங்காக் அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். கால்களைச் சேர்த்து, நேராக, அமைதியாக நிற்கிறார்கள். சோழ வெண்கலத்தின் நெளிவைத் தேடாதீர்கள், வேறு கை, வேறு மனசு.

12 ஜனவரி. உங்கள் அம்மாவுக்காக

மன்னிக்கவும், அம்மா பற்றிக் கேட்டதை விட்டுவிட்டு எங்கெங்கோ போய்விட்டேன்.

நடை: மதிலுக்குள் தரை சமம், புல், பாதை நல்லது. டிராம் மாதிரி திறந்த வண்டி ஓடுகிறது. 2023இல் நான் போனபோது ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக வெளிநாட்டவருக்கு 100 பாட், சைக்கிளுக்கு 10 பாட். காலை ஆறரைக்குத் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள், பத்தரைக்கு அறைக்குத் திரும்பி, மறுபடி நாலு மணிக்கு. மதியத்தில் அம்மாவை அழைத்துப் போகவே வேண்டாம்.

சாப்பாடு: இதுதான் கஷ்டம். சுகோத்தாய் நூடுல்ஸ் பெயர் பெற்றது, மெல்லிய அரிசி நூடுல்ஸ், சாய்வாக அரிந்த காராமணி, வேர்க்கடலை, எலுமிச்சை, பனைவெல்லம், மிளகாய்த்தூள் எல்லாம் சேர்ந்தது, ஆனால் பன்றி இறைச்சி இல்லாமல் தருவது அரிது, சாறும் எலும்பில் கொதித்தது. "ஜே" என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருந்தால் அங்கே இறைச்சி, மீன் எதுவும் இல்லை, பூண்டு வெங்காயம்கூட இல்லை. மற்றக் கடைகளில் "மை சை நாம் ப்லா", மீன் சாறு ஊற்றாதீர்கள் என்று பொருள். காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாறு விழும், அவர்களுக்கு அது உப்பு மாதிரி, தப்பாக நினைக்க வேண்டாம். சந்தையில் வாழைப்பழம், பப்பாளி, மூங்கிலில் சுட்ட ஒட்டரிசி தாராளமாகக் கிடைக்கும்.

பான் நா தொன் சான் என்று ஒரு கிராமம், சி சட்சனாலய் பக்கம். வீடுகளில் தங்கலாம். அங்கே "காவ் பெப்" செய்வதை அம்மாவுக்குக் காட்டுங்கள். பானை வாயில் துணி கட்டி, அதன் மேல் அரிசி மாவை மெல்லியதாக ஊற்றி, ஆவியில் வெந்ததும் காய்கறியை வைத்து மடிக்கிறார்கள். அக்கா பார்த்தவுடன் இட்லித் துணியை இறுகக் கட்டும் விதம் பற்றி அந்த வீட்டு அம்மாவோடு சைகையிலேயே பேச ஆரம்பித்துவிட்டாள். அதோடு ஊற்றித் தரும் சாற்றை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

12 ஜனவரி, இரவு

போக்குவரத்து. சியாங் மாயிலிருந்து பேருந்து ஐந்து ஆறு மணி நேரம். பாங்காக்கிலிருந்து ரயிலில் வருபவர்கள் பிட்சனுலோக்கில் இறங்கிப் பேருந்தில் ஒரு மணி நேரம். புது ஊரிலிருந்து பழைய ஊருக்கு மரப்பலகை அடித்த பழைய வண்டிகள் போகின்றன, பன்றிக்கொட்டில் வண்டி என்று செல்லப் பெயர். ஆனால் பழைய ஊர் வாசலிலேயே தங்குங்கள். அந்த ஆறரை மணிக்காகத்தான்.

15 ஜனவரி. வாட் சி சும், கொஞ்சம் நிதானமாக

மூன்று நாளாக எழுத நேரமில்லை. இதை எழுதாமல் விட மனமில்லை.

தூரத்திலிருந்து பார்த்தால் கூரையில்லாத ஒரு சதுரக் கட்டடம், சன்னல் கிடையாது. முன்னால் மேலே குறுகிப் போகும் ஒரு நெடிய திறப்பு. அந்தப் பிளவில் முகத்தின் ஒரு துண்டு தெரிகிறது, நெற்றி, ஒரு கண், உதடு. நெருங்க நெருங்க முகம் அகலமாகிறது. உள்ளே போனால் 15 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கிறார், மடியின் அகலம் 11 மீட்டருக்கு மேல். பெயர் ஃப்ரா அச்சனா, அசையாதவர். வலது கை முழங்காலின் மேல் இறங்கியிருக்கிறது, என் உயரத்துக்கு நீண்ட விரல்கள், பக்தர்கள் ஒட்டிய பொன்தாள் அவற்றில் மின்னுகிறது. கருவறை வாசலில் நிற்கும்போது தீபாராதனைக்காகக் காத்திருப்போமே, அந்தக் காத்திருப்பு இங்கே நடையிலேயே நடந்துவிடுகிறது. கட்டியவருக்கு அது தெரிந்திருக்கிறது.

சுவரின் கனத்துக்குள்ளேயே ஒரு குறுகிய படிவழி மேலே போகிறது. அதன் கூரையில் ஜாதகக் கதைகள், அதாவது புத்தரின் முற்பிறவிக் கதைகள் செதுக்கிய கற்பலகைகள், ஒவ்வொன்றின் மேலும் சுகோத்தாய் எழுத்தில் குறிப்பு. இப்போது யாரையும் விடுவதில்லை. அந்த வழியில் ஒருவரை ஏற்றிவிட்டு, புத்தரே பேசுவதுபோலப் பேச வைத்துப் படைவீரர்களுக்கு அயூத்தயாவின் நரேசுவன் அரசர் தைரியம் ஊட்டினார் என்று கதை சொல்கிறார்கள்.

மாலை நாலரைக்குப் போங்கள். மதியம் நான் 2016இல் போயிருந்தால்கூட ஒன்றும் தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

16 ஜனவரி

அந்தக் கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். மதியம் போயிருந்தாலும் தெரிந்திருக்கும். வேன் அங்கே போகவில்லை, அவ்வளவுதான்.

20 ஜனவரி. லோய் க்ரதோங்

திருவிழாவுக்காகவே நவம்பரில் போகலாமா என்று இன்னொருவர். நாங்கள் 2023 நவம்பர் 27 இரவு அங்கே இருந்தோம். குளங்களில் வாழைமட்டைத் தெப்பங்கள், விளக்குகள், ஆயிரக்கணக்கான மக்கள். அழகுதான், ஆனால் ஒலிபெருக்கி, நெரிசல், அறை வாடகை எல்லாம் அதிகம். இந்த விழாவைச் சுகோத்தாய் அரசவையில் நோப்பமாட் என்ற பெண் தொடங்கினாள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நானும் அப்படியே ஊரில் வந்து சொன்னேன். அந்தக் கதை 19ஆம் நூற்றாண்டுப் பாங்காக்கில் எழுதப்பட்டது என்பதைப் பிறகுதான் படித்தேன். ராம்காம்ஹேங் கல்வெட்டில் இருப்பது, துறவிகளுக்கு ஆடை வழங்கும் கதின விழா முடிந்து மக்கள் நான்கு வாசல்களிலும் நெரிந்து உள்ளே வந்து மெழுகுவர்த்தி ஏற்றி நெருப்பு விளையாடுவதைப் பார்த்தார்கள் என்பது மட்டும்தான். எனக்கு அதுவே போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று நாம் பார்க்கும் அந்தப் புல்வெளியில், மதிலுக்குள், ஓர் ஊர் இருந்தது. 1988இல் இது வரலாற்றுப் பூங்காவாகத் திறக்கப்படுவதற்கு முன் அந்தக் குடும்பங்களை வெளியே குடியமர்த்தினார்கள். 1991இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது சுத்தமான புல்வெளி தயார். சைக்கிள் வாடகைக் கடைக்காரப் பெரியவர் ஒருவர், வாட் சா சி பக்கம் கை காட்டி, தன் பாட்டி வீடு அங்கே இருந்தது என்றார். அந்தக் கை காட்டலுக்குப் பிறகு அந்தப் புல்லின் மேல் நடக்கும்போது செருப்பைக் கழற்றத் தோன்றியது.

3 பிப்ரவரி

கிளம்பும் முன் கடைசியாக: சி சட்சனாலயை விடாதீர்கள். வடக்கே 55 கிலோமீட்டர் போல. கூட்டமே இல்லை. யோம் ஆறு பாறைகளில் சலசலத்துப் போகும் கரையில் காட்டுக்குள் கோயில்கள், வாட் சாங் லோமில் முழு உருவ யானைகள் அடித்தளத்தைச் சுற்றி நிற்கின்றன, 39 என்று கணக்கு. பக்கத்தில் சங்கலோக் பானைச் சூளைகள். இங்கே சுட்ட பாத்திரங்கள் கப்பலில் இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் வரை போயின. உடைந்த தட்டின் அடியில் ஒரு மீன் வரைந்திருப்பார்கள், இரண்டே கோடு, ஆனால் நீந்தும்.

வாட் சபான் ஹின் குன்றுக்கு அம்மாவை ஏற்ற வேண்டாம். பலகைக் கற்கள் அடுக்கிய பாதை 300 மீட்டர், காலைப் பனியில் வழுக்கும். நீங்கள் மட்டும் ஏறுங்கள், பிடிப்புள்ள செருப்போடு.

11 மே

இந்தப் பக்கத்தைப் பார்த்துப் புதிதாகக் கேட்பவர்களுக்கு: மே 1 முதல் தாய்லாந்து போகும் வெளிநாட்டவர் எல்லோரும் பயணத்துக்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளங்களில் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர் மார்ச்சில் எழுதியிருந்தார். மூன்று இரவு தங்கினார்களாம், சியாங் ராயை விட்டுவிட்டு. அவர் அம்மா பொன் குளத்துக் கோயிலில் புத்தர் பாதம் இருக்கும் மண்டபத்தில் காலை முழுக்க உட்கார்ந்திருந்தாராம். படம் அனுப்பியிருந்தார், அக்காவுக்கும் காட்டினேன்.

அக்கா இப்போது தாய் எழுத்து எழுதிப் பழகுகிறாள். அந்தக் கல்வெட்டின் முதல் வரிகளை நோட்டில் திரும்பத் திரும்ப எழுதுகிறாள்: என் அப்பா பெயர் ஸ்ரீ இந்திராதித்யன், என் அம்மா பெயர் நாங் சுவாங், என் அண்ணன் பெயர் பான் முவாங். நேற்று தொலைபேசியில் கூப்பிட்டாள். அம்மாவுக்கு அவர்கள் சொல் "மே". அதை எழுத மகரத்துக்கு முன்னால் ஒரு கொம்பு இல்லையாம், இரண்டு கொம்பு.